கம்பளி மாதம்

வெயில் தணிந்து, விடிகாலையில் முதுகில் லேசாகக் குளிர் ஏறத் தொடங்கினால் ஊரே "அப்பாடா" என்று மூச்சு விடும். சலவைக்கூடத்துப் பெண்கள் மட்டும் "வந்துட்டுதா?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மரங்கள் முதல் இலையை உதிர்க்கிற அந்த மாதத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கம்பளி மாதம். மருத்துவமனை, மாணவர் விடுதி, முதியோர் இல்லம் என்று எல்லா இடங்களிலும் கோடை முழுக்கக் கட்டிக் கிடந்த கம்பளிகள் லாரி லாரியாக வந்து இறங்கும். பாச்சை உருண்டை வாசம் வாசலிலேயே மூக்கில் ஏறும். அத்தனையையும் அலசி, காயவைத்து, மடித்து, குளிர் இறங்குவதற்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். படுக்கை விரிப்பு என்றால் காற்று மாதிரி. நனைந்த கம்பளி பிணக்கனம் கனக்கும். ஒருத்தியால் முடியாது. அதனால் அங்கே எல்லாரும் ஜோடி ஜோடியாகத்தான் வேலை செய்வார்கள்.

சின்னவளுக்கு வீட்டிலும் அதுதான் பெயர், வேலையிடத்திலும் அதுதான் பெயர். அண்ணன் தம்பி இருவரில் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள். ஓரகத்திகளைப் பற்றி உலகத்தில் நல்ல வார்த்தை சொன்னவர் யாரும் இல்லை. ஆனால் இந்த இருவரும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்துகொண்டு, காலையில் ஒன்றாகக் கிளம்பி, நாளெல்லாம் ஒரே கம்பளியின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, மாலையில் ஒன்றாகத் திரும்புகிறவர்கள். சண்டை போட நேரம் வேண்டுமே!

பெரியவளின் புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள், அவளும் தூரத்தில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். மாடியில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவாள். "கீழ வந்து எங்களோட சாப்பிடுங்க அண்ணி" என்று சின்னவளின் புருஷன் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தான். "என் கை ஓடுற வரைக்கும் என் சோறு. கொழுந்தன் வீட்டுச் சோறு எனக்குத் தொண்டைல இறங்காது" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள்.

சின்னவளைச் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டதும் அவள்தான். அதை அவள் மறந்ததும் இல்லை, அடுத்தவரை மறக்க விட்டதும் இல்லை.

"இவ வந்த புதுசுல கைக்குட்டை மடிக்கத் தெரியாது. மூலையைப் பிடிடின்னா நடுவைப் பிடிப்பா. நான்தான் தட்டித் தட்டி ஆளாக்கினேன்."

"ஆமாக்கா, நீங்க தட்டுன தட்டுல இன்னும் மண்டை வீங்கியிருக்கு" என்பாள் சின்னவள். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு மேலும் கொஞ்சம் கம்பளி மடிந்துவிடும்.

ஆனால் இந்த வருஷத்துக் கம்பளி மாதத்தில் சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கால்தான் காரணம். முழங்காலுக்குக் கீழே, சதைக்குள் யாரோ ஈரத்துணியைப் போட்டு முறுக்கிப் பிழிவது மாதிரி ஒரு வலி. காலையில் எழுந்ததும் தரையில் பாதத்தை வைக்கவே பயமாக இருந்தது. சிமெண்டுத் தரையில் நின்று நின்று வந்தது. நிற்பதை நிறுத்தினால்தான் போகும். மருத்துவரிடம் போய்க் கேட்டால் அவரும் இதைத்தான் சொல்லப்போகிறார், அதற்கு எதற்கு வரிசையில் நிற்பது, அங்கேயும் நிற்கத்தானே வேண்டும் என்று அவள் போகவே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள், கத்தியைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனாள். வண்டி ஓட்டிவிட்டு வந்த புருஷன் கதவைத் திறந்து பார்த்தான். கத்தியை மெதுவாக அவள் கையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, வெங்காயத்தைத் தானே உரிக்க ஆரம்பித்தான். அவள் கண் விழித்தபோது அவன் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்று பதறினாள்.

"உன்னைப் பாத்து அழுவுறேன்னு நினைக்காதே. வெங்காயம்" என்றான்.

கம்பளி மாதத்தில் பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடும். போன வாரம் வேலை விட்டு வரும்போது தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்த வாரம் அதே நேரத்தில் தெரு விளக்கு எரிகிறது, பந்தையும் காணோம், பிள்ளைகளையும் காணோம். பகலை யாரோ ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்துக்கொண்டு போகிறார்கள். ஆண்டவன் இருட்டைக் கொடுப்பது மனுஷர் படுக்கத்தான். ஆனால் படுத்தால் கால் உறங்க விடுவதில்லை.

இந்த நிலையில்தான் அந்த நாற்காலி காலியாகப் போகிறது என்ற சேதி வந்தது.

சலவைக்கூடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு தையல் மெஷின், ஒரு ஜன்னல், மெத்தை வைத்த ஒரு நாற்காலி. கிழிந்து வருகிற விரிப்பையும் ஓரம் பிரிந்த கம்பளியையும் அங்கே உட்கார்ந்து தைக்க வேண்டும். அந்தக் கட்டடத்திலேயே உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். அதில் இருந்த தையல்கார அம்மா மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போகிறாள்.

சின்னவளுக்குத் தைக்கத் தெரியும். அவளைப் போலவே பெரியவளுக்கும் தெரியும், இன்னும் சிலருக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மா ஒரு நாள் சின்னவளைக் கூப்பிட்டு, "நீ நடக்கிறதைப் பாத்துட்டுத்தான் இருக்கேன். விசில்காரர்கிட்ட உன் பேரைச் சொல்லியிருக்கேன்" என்றாள். விசில்காரர் என்பது மேற்பார்வையாளர். எதையாவது யோசிக்கும்போது பல்லிடுக்கில் மெல்ல விசில் அடிப்பார். அதனால் அந்தப் பெயர். கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் அவரைப் பிழிவார்கள், அவர் இவர்களைப் பிழிவார். பிழிவது அங்கே தொழில்தானே.

அன்றிலிருந்து சின்னவளுக்கு அந்த நாற்காலி நினைப்புதான். அடுப்பு மூட்டுவதற்கு முன் கண்ணை மூடி நிற்பது அவள் வழக்கம். கூடுதலாக எதையும் கேட்கமாட்டாள். இன்றைக்கு யாருக்கும் கெடுதல் இல்லாமல் போகட்டும் என்று மட்டும் சொல்லுவாள். இந்த மாதம் முதல்முறையாக ஒன்றைக் கேட்டாள். "ஆண்டவரே, எனக்கு உக்காரணும்" என்றாள். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. கேட்டதே பேராசையோ என்று வெட்கமாகவும் இருந்தது.

இனி பெரியவளின் தோளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கம்பளி மடிப்பது இப்படி: இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொள்வார்கள். தரையில் படாமல் இருக்கத் தலைக்கு மேலே கையைத் தூக்கி ஒரு உதறு உதறுவார்கள். பிறகு ஒருத்தி வலது கையை மேலே கொண்டுபோய் இடது கையில் சேர்க்க, எதிரே நிற்பவள் இடது கையை வலது கையில் சேர்ப்பாள். அப்புறம் ஒருத்தி நிற்க, ஒருத்தி நடந்து வந்து தன் மூலையை அவள் கையில் கொடுப்பாள். அப்படி மடித்தால் கம்பளியின் ஓரத்தில் இருக்கிற வண்ணப்பட்டை வெளியே தெரியும். நீலப்பட்டை மருத்துவமனை. சிவப்புப்பட்டை விடுதி. பச்சைப்பட்டை முதியோர் இல்லம். அடுக்கைப் பார்த்தாலே எது எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இந்தக் கோடை தொடங்கியபோது பெரியவளின் வலது கை காதுக்கு மேல் எழும்பவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. சின்னவளும் கேட்கவில்லை. கையைத் தூக்க வேண்டிய நேரம் வந்தால் பெரியவள் ஒரு இருமல் இருமுவாள், அல்லது சேலை முந்தானையைச் சரிசெய்வாள், அதற்குள் சின்னவள் தன் பக்கத்தை உயரத் தூக்கி, அந்தப் பக்கத்துக் கனத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். வலது கையை இடது கைக்குக் கொண்டுபோக முடியாததால் பெரியவள் இடது கையை வலது கைக்குக் கொண்டுவரத் தொடங்கினாள். சின்னவளும் கண்ணாடிக்குள் இருக்கிற ஆள் மாதிரி அப்படியே திருப்பிச் செய்தாள். எத்தனையோ வருஷம் எதிரெதிரே நின்றவர்கள். ஒருத்தி மூச்சை எந்தப் பக்கம் விடுகிறாள் என்று இன்னொருத்திக்குத் தெரியும். வாயைத் திறக்காமலேயே வேலையின் வலம் இடம் மாறிப்போனது. மெல்லிய விரிப்பில் அது ஒன்றும் தெரியவில்லை, விரிப்பில் பட்டை கிடையாது.

கம்பளி மாதம் பிறந்தது. இருவரும் பழகிய கையோடு மடித்தார்கள், அடுக்கினார்கள். பட்டை எல்லாம் மடிப்புக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. முதுகு ஒடிகிற அவசரத்தில் இருவரில் ஒருத்திகூட அதைக் கவனிக்கவில்லை.

மாதம் பாதி தாண்டியிருக்கும். வெளியே கொடியில் காய்ந்த கம்பளியை எடுக்கும்போது மஞ்சள் இலைகள் ஒட்டிக்கொண்டு வரும்; ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட வேண்டும். சின்னவள் குனிந்து இலை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த மரத்துக்கு வேற வேலை இல்லையா? நாம காயப் போடுற அன்னிக்குத்தான் மொட்டையடிக்கணுமா?" என்றாள் பெரியவள்.

"அதுக்காவது வருஷத்துல ஒரு தரம் பாரத்தை இறக்கி வைக்க முடியுதே அக்கா. விடுங்க" என்றாள் சின்னவள்.

"என்னடி பெரிய மனுஷி மாதிரி பேசுற?"

"தூக்கம் வந்தா எனக்கு அப்படித்தான் பேச்சு வரும்."

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. விசில்காரர் கையில் ஒரு கம்பளியோடு கொல்லை வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் பக்கத்து ஜோடியில் வேலை செய்கிற, நெட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண்ணும், இன்னும் சிலரும் என்ன வேடிக்கை என்று எட்டிப் பார்த்தார்கள்.

"விடுதிக்குப் போக வேண்டிய கம்பளி மருத்துவமனைக்குப் போயிருக்கு. முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியது விடுதிக்குப் போயிருக்கு. முதியோர் இல்லத்துல ஒரு பெரியவர் இது என் கம்பளி இல்லை, நான் போர்த்த மாட்டேன்னு உக்காந்திருக்காராம். எல்லாம் உங்க ரெண்டு பேர் அடுக்குல இருந்து போனது. பட்டையை ஏன் உள்ள வெச்சு மடிக்கிறீங்க?"

சின்னவள் பார்த்தாள். அவர் கையில் இருந்த கம்பளி வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. பட்டையே இல்லாத மாதிரி. கோடையிலிருந்து கை மாறி மடித்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என் தப்புதான் ஐயா. அசதியில கை மாறிப் போச்சு" என்றாள்.

எப்போதும் முதலில் பேசுகிற பெரியவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தாள்.

விசில்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கவனமா செய்யுங்க" என்று போய்விட்டார். அன்று பகல் முழுக்க அவர் ஈரத்துணிக்குச் சூடுகாட்டும் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இவர்களுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போகும் வழியில் பெரியவள் வாயைத் திறப்பாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அவளோ, "இனிமே கவனமா மடி. நாலு பேர் முன்னால மானம் போகுது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடிப்படி ஏறினாள்.

சின்னவளுக்குச் சுருக்கென்றது. கதவைச் சாத்திவிட்டுப் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். "பழியை நான் வாங்கிக்கிட்டேன். புத்திமதி எனக்கே கிடைக்குது. இப்படி ஒரு பொம்பளையை எங்கேயாவது பாத்திருக்கீங்களா?"

"சின்ன வயசுல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றான் அவன், சூடு பறக்கிற தண்ணீரை அவள் காலடியில் வைத்தபடி. "அண்ணன் ஒரு தரம் சொன்னாரு. உங்க அண்ணிக்குக் காய்ச்சல் வந்தாக்கூட, தெர்மாமீட்டர்தான் தப்புன்னு சொல்லுவான்னு."

சிரிப்பு வந்துவிட்டது. கால் தண்ணீருக்குள் இருந்தது, கோபம் கொஞ்சம் கரைந்தது. எல்லாம் கரையவில்லை.

சில நாள் கழித்து விசில்காரர் சின்னவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"உங்க அக்காவுக்கு வலது கை எழும்பலை. நான் பாத்துட்டேன். எத்தனை நாளா இப்படி?"

"அப்படியெல்லாம் இல்லைங்க ஐயா..."

"பொய் சொல்லி உங்களுக்குப் பழக்கமில்லைம்மா. காது சிவந்துடுச்சு." அவர் மெல்ல ஒரு விசில் அடித்தார். "நீங்க நல்லா வேலை செய்றவங்க. தையல்கார அம்மாவும் சொன்னாங்க. அடுத்த மாசம் முதல் அந்த நாற்காலி உங்களுக்குத்தான். உங்க அக்காவை வீட்டுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். கையைத் தூக்க முடியாதவங்களுக்கு இங்க என்ன வேலை இருக்கு? பாவம், ஓய்வா இருக்கட்டும். நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

சின்னவள் எழுந்து வெளியே வந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆண்டவர் காதில் விழுந்துவிட்டது. ஆனால் அவள் கேட்டது உட்கார ஒரு இடம் மட்டும்தான். அதற்காக இன்னொருத்தியைத் தள்ளிவிட வேண்டும் என்று கேட்கவில்லையே!

சாப்பாட்டு நேரம். கொதிகலன் அறையின் பின்படியில், வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். வெயிலில் சூடு இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. ஒரு குளவி சுவரோரமாக நடந்து போனது. பறக்க முடியாமல் நடந்தது. கோடையில் இருந்த வேகமும் கோபமும் அதனிடம் இல்லை. அடிக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

தையல் அறை ஜன்னல் அங்கிருந்து தெரிந்தது. நாற்காலியின் முதுகும் தெரிந்தது. உட்கார்ந்துகொண்டு, மடியில் துணியை வைத்துக்கொண்டு, காலை நீட்டி... நினைத்தாலே கால் வலி பாதி குறைந்தது.

மாடியில் நாளெல்லாம் சும்மா இருக்கிற பெரியவளையும் நினைத்துப் பார்த்தாள். கீழே வந்து சாப்பிட மாட்டாள். மகளிடம் கேட்க மாட்டாள். ஒரு நேரம் சமைத்து இரண்டு நேரம் வைத்துக்கொள்வாள். யார் கேட்டாலும் இப்போதுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்பாள். சலவைக்கூடத்தில் நாலு பேரை அதட்டுவதுதான் அவள் உடம்பில் ஓடுகிற ரத்தம். அதை நிறுத்திவிட்டால்?

அதற்காக நான் சாகும்வரை நிற்க வேண்டுமா, இவள் ஒரு நாளாவது ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லியிருக்கிறாளா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதுவும் நியாயமான குரல்தான். சின்னவள் அதை அதட்டவில்லை. சோற்றைப் பிசைந்தபடி இரண்டு பக்கத்து வாதத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு ஆறிப்போனது. மணி அடித்தது. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நேரே விசில்காரர் அறைக்குப் போனாள். இந்த முறை உட்காரவில்லை. உட்கார்ந்தால் மனசு மாறிவிடும் என்று பயந்தாள்.

"ஐயா, அந்த நாற்காலியை எங்க அக்காவுக்குக் கொடுங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"தையலுக்குக் கை தோளுக்கு மேல போக வேண்டாம். மடியிலதான் வேலை. அவங்க தையல் என் தையலைவிடச் சுத்தம். கண்ணும் நல்லா இருக்கு, தெருக்கோடியில யாரு யாரோட போறான்னு மாடியில இருந்தே சொல்லுவாங்க."

"உங்க கால்?"

"கால் என்னோடது. நான் பாத்துக்கிறேன். அவங்களை வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க ஐயா. பகல் பூரா வீட்ல சும்மா இருந்தா என்னைக் குறை சொல்றதுக்கு அவங்களுக்கு நிறைய நேரம் கிடைச்சுடும். நான் இங்கேயே ஒரு மூலையில பாயைப் போட்டுப் படுத்துக்க வேண்டியதுதான்."

விசில்காரர் சிரித்துவிட்டார். பிறகு நீளமாக ஒரு விசில் அடித்தார். "உங்க கூட யார் நிப்பாங்க?"

"யாரா இருந்தாலும் சரி. அப்புறம் ஐயா, நான் கேட்டேன்னு அவங்ககிட்ட சொல்ல வேண்டாம். நீங்களா முடிவு பண்ணதா இருக்கட்டும்."

மாதக் கடைசி நாளில் எல்லாரையும் கூட்டி வைத்து விசில்காரர் சேதியைச் சொன்னார். பெரியவள் முதலில் நம்பவில்லை. அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். "என்னைக்காவது ஒரு நாள் கண்ணைத் திறந்து பாப்பாங்கன்னு எனக்குத் தெரியும். இந்தக் கட்டடத்துல யார் கை சுத்தம்னு சுவரைக் கேட்டாச் சொல்லும்" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தையல்கார அம்மா மட்டும் போகும்போது சின்னவளின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அந்தத் தொடுகையில் சின்னவளுக்கு அழுகை முட்டியது. அன்று காலையில் அடுப்பு முன் நின்றபோது, "கேட்டதைக் கொடுத்தீங்க, ஆளை மாத்திக் கொடுத்தீங்க" என்று ஆண்டவரிடம் குறைபட்டிருந்தாள். பிறகு, மாற்றியது அவரா தானா என்று யோசித்து, அந்தக் குறையை வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் சின்னவளுக்கு எதிரே நெட்டை வந்து நின்றாள். நல்ல உயரம், உயரத்துக்கு ஏற்ற வாய். அவளுடைய பழைய ஜோடி பிரசவத்துக்குப் போயிருந்தாள். முதல் கம்பளியை விரித்து உதறினார்கள். உதறியதும் சின்னவள் பழக்கத்தில் கையை உயர்த்தி, கனத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஐயோ அக்கா, ஏன் இப்படிப் பிடுங்குறீங்க? நானும்தானே பிடிச்சிருக்கேன், என்கிட்ட விடுங்க!"

சின்னவள் விட்டாள். தோளில் ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது. கம்பளியின் கனம் பாதியாகிவிட்டது. ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கம்பளிக்கு இரண்டு பேர் என்பதையே அவள் உடம்பு மறந்துபோயிருந்தது. நெட்டை பேசிக்கொண்டே மடித்தாள். வலது கை இடது கைக்குப் போனது. நீலப்பட்டை வெளியே வந்து பளிச்சென்று நின்றது.

ஆனாலும் கால் வலி காலில்தான் இருந்தது. சாயங்காலம் வரை அது எங்கேயும் போகவில்லை.

வேலை விட்டு இருவரும் நடந்தார்கள். நன்றாக இருட்டிவிட்டிருந்தது. நடைபாதையில் இலைகள் ஈரமாக ஒட்டிக்கிடந்தன. பெரியவள் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள்.

"இடுப்பு போச்சுடி" என்றாள்.

"என்னக்கா?"

"உக்காந்து உக்காந்து. ஒரு நாள் பூரா இப்படி உக்காந்தா மனுஷிக்கு இடுப்பு என்னத்துக்கு ஆகும்? அந்த அம்மா எப்படித்தான் இருந்தாளோ."

சின்னவள் நின்றுவிட்டாள். கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து, கடைசியில் சிரிப்பாகத்தான் வெளியே வந்தது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"எதுக்குடி இப்படிச் சிரிக்கிற?"

"ஒண்ணுமில்லைக்கா. இடுப்பு வலிக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்கு."

பெரியவள் சிரிக்கவில்லை. சின்னவள் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் காலைப் பார்த்தாள்.

"நீ கேட்டு வாங்கிக் கொடுத்ததா?"

சின்னவளின் காது சிவந்திருக்க வேண்டும். இருட்டில் தெரிந்திருக்காது. ஆனாலும் பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன்டி என்கிட்டச் சொல்லலை?"

"உங்க கை எழும்பலைன்னு நீங்க சொன்னீங்களா?"

இருவரும் நடந்தார்கள். ஒரு பேருந்து தாண்டிப் போனது. அதன் வெளிச்சம் தெருவைத் துடைத்துவிட்டுப் போன பிறகு இருட்டு இன்னும் கெட்டியாக இருந்தது. வீட்டு வாசல் வந்தது. பெரியவள் மாடிப்படியில் ஒரு கால் வைத்தாள், ஏறாமல் நின்றாள். கைப்பிடியை இடது கையால் பிடித்திருந்தாள்.

"காலையில கீழ வர்றேன்" என்றாள், படியைப் பார்த்துக்கொண்டே. "தலை வாரி விடு. கோடையில இருந்து பின்னால கை எட்டலை. ஒரு பக்கமா அள்ளி முடிஞ்சுக்கிட்டு வந்துட்டிருக்கேன்."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து சின்னவள் கேட்டதே இல்லை. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் உடம்பு முழுக்க அசதி. நாளைக்கு இன்னும் கொஞ்சம் முன்னால் எழுந்திருக்க வேண்டும் என்பதுதான் முதலில் மனசில் வந்தது.

"வாங்க" என்றாள். "வெள்ளனவே வந்துடுங்க. அப்புறம் எனக்கு நேரம் இருக்காது. சீப்பையும் எடுத்துட்டு வாங்க, என் சீப்புல பல்லு போச்சு."

"சீப்புகூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியலை" என்று சொல்லிக்கொண்டே பெரியவள் மேலே ஏறினாள்.